முறுக்கு, முருங்கை, ரோஸ்மேரி

போன மாசம் ஒரு ஞாயித்துக்கிழமை. பத்து மணி வரைக்கும் தூங்குறதுன்னு கொள்கை முடிவு எடுத்துப் படுத்திருந்தவனை எட்டு மணிக்கே போன் பண்ணி எழுப்பிருச்சு சித்தி.

"டேய் தம்பி, பெங்களூருக்கு அனுப்பின முறுக்கு திரும்பி வந்துருச்சுடா. காறலடிக்குதாம்."

சித்தியைப் பத்தி ரெண்டு வரி சொல்லிடுறேன். ஊரு சின்னமனூர். சித்தப்பா தவறினதுக்கு அப்புறம் வீட்டு அடுப்படியிலேயே பலகாரம் போட ஆரம்பிச்சுது. முறுக்கு, சீடை, உருக்கின நெய், மூலிகைத் தலையெண்ணெய். அக்கம்பக்கத்துல வாங்கினவங்க, அவங்க சொந்தக்காரங்க, சொந்தக்காரங்களோட ஆபீஸ் சிநேகிதங்கன்னு வாட்ஸப்ல ஆர்டர் பரவி, இப்ப வாரம் ரெண்டு தடவை பார்சல் போகுது. தங்கச்சியோட காலேஜ் ஃபீஸ் இதுலேருந்துதான். அதனால பன்னெண்டு பாக்கெட் திரும்பி வர்றதுங்கிறது எங்க வீட்டுல சின்ன சமாச்சாரம் இல்லை.

(காறல்னா தெரியாத சென்னை மக்களுக்கு: எண்ணெய்ப் பலகாரம் பழசானா வருமே ஒரு சிக்கு வாடை, அதேதான்.)

அதே வாரம் ஒரு விற்பனைப் பையன் சித்தி வீட்டுப் பக்கம் வந்திருக்கான். கையில ஒரு சின்ன பாட்டில். ரோஸ்மேரி எக்ஸ்ட்ராக்ட்டாம். "அக்கா, எண்ணெய்ல சில சொட்டு விட்டாப் போதும், காறலே வராது. தலையெண்ணெய்லயும் ஊத்துங்க, முடியும் வளரும். லேபிள்ல நேச்சுரல் ஆன்டிஆக்ஸிடன்ட்னு போட்டுக்கலாம், வெலையும் ஏத்திக்கலாம்"னு அடிச்சு விட்டிருக்கான்.

"நீ கெமிக்கல்தானடா படிச்ச? வாங்கவா, வேண்டாமா?"

நாலு வருஷம் கெமிக்கல் இஞ்சினியரிங் படிச்சிட்டு ஜாவாவுல பக் பிடிச்சு வயித்தைக் கழுவுறவன் நான். என் டிகிரியை நம்பி என்கிட்ட ஒருத்தர் கேள்வி கேட்டது இதுதான் முதல் தடவை. கண்ணுல தண்ணியே வந்துருச்சு :-) "ஒரு வாரம் டைம் குடு சித்தி"ன்னு சொல்லிட்டு, தூசி தட்டி உட்கார்ந்து படிச்சேன். படிச்சதுலயும், அப்புறம் ஊருக்குப் போய்ப் பார்த்ததுலயும் வந்த கருத்துதான் இந்தப் பதிவு. திட்டுறவங்க முழுசாப் படிச்சிட்டுத் திட்டவும்.

முதல்ல, எண்ணெய் ஏன் காறுது?

எண்ணெயில இருக்கிற கொழுப்பு அமிலம் ஒரு நீளமான கார்பன் சங்கிலி. அதுல இரட்டைப் பிணைப்பு இருக்கிற இடத்துக்குப் பக்கத்துல ஒரு ஹைட்ரஜன் லேசாத்தான் ஒட்டிக்கிட்டு இருக்கும். சூடு, வெளிச்சம், துளியூண்டு இரும்பு, செம்பு ஏதாவது ஒண்ணு அதைப் பிச்சு எடுத்துட்டா, மிச்சம் இருக்கிற மூலக்கூறு அரைகுறையா நிக்கும். ஃப்ரீ ராடிக்கல்னு சொல்றது இதைத்தான். அது காத்துல இருக்கிற ஆக்ஸிஜனைக் கவ்விக்கிட்டு, பக்கத்து மூலக்கூறோட ஹைட்ரஜனைப் பிடுங்கும். இப்ப பக்கத்து ஆள் அரைகுறை. அது அதுக்குப் பக்கத்து ஆளைப் பிடுங்கும். நம்ம பாஷையில சொல்லணும்னா பிரேக் இல்லாத லூப். இப்படியே பெராக்சைடுங்க சேர்ந்துக்கிட்டே போய், கடைசியில உடைஞ்சு ஆல்டிஹைடு மாதிரி சின்னச் சின்னப் பொருளா மாறும். மூக்குல ஏறுற காறல் அதுங்கதான்.

கல்யாணப் பந்தியில ஒருத்தருக்கு இலை இல்லைன்னு வைங்க. அவர் பக்கத்து ஆள் இலையை இழுக்கிறார், அந்த ஆள் அடுத்தவர் இலையை இழுக்கிறார், பந்தி முழுக்க ரகளை. அப்ப ஒரு பெரிய மனுஷன் எந்திரிச்சு, "இந்தாப்பா, என் இலையை வச்சுக்க, நான் அடுத்த பந்தியில சாப்பிட்டுக்குறேன்"னு ஒதுங்குறார். யார் இலையையும் அவர் பிடுங்கலை. ரகளை நின்னுருச்சு. அந்தப் பெரிய மனுஷன்தான் ஆன்டிஆக்ஸிடன்ட். இதுல ரெண்டு விஷயம் கவனிங்க. ஒண்ணு, அவர்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு இலை. குடுத்து முடிச்சா அவ்வளவுதான். ரெண்டு, பந்தியில பாதிப்பேர் சட்டை கிழிஞ்சு கிடக்கும்போது அவர் வந்து பிரயோஜனம் இல்லை. ஏற்கெனவே காறின எண்ணெயை எந்த ஆன்டிஆக்ஸிடன்டாலயும் நல்ல எண்ணெயா மாத்த முடியாது. இந்த ரெண்டாவது பாயின்ட்டை ஞாபகம் வச்சுக்குங்க, கடைசியில வேலை இருக்கு.

ஃபாக்டரிக்காரங்க இந்தப் பெரிய மனுஷன் வேலைக்கு டிபிஎச்க்யூ, பிஎச்ஏ மாதிரி செயற்கைப் பொருள்களைச் சேர்க்கிறாங்க. பாக்கெட் பின்னாடி ஐஎன்எஸ் 319, 320ன்னு பொடி எழுத்துல இருக்கும். சமையல் எண்ணெய்ல கிலோவுக்கு 200 மில்லிகிராம் வரைக்கும் நம்ம சட்டம் அனுமதிக்குது. ஆனா ஜனங்களுக்கு கெமிக்கல்னு சொன்னாலே அலர்ஜி. அந்த இடத்துலதான் ரோஸ்மேரி உள்ள வருது.

ரோஸ்மேரி மத்தியதரைக்கடல் ஓரத்துச் செடி. நம்ம நீலகிரியிலயும் பயிர் பண்றாங்க. 1952-ல அமெரிக்காவுல சிப்பால்ட்டும் அவர் கூட்டாளிகளும் 32 மசாலாப் பொருள்களை எடுத்து, பன்றிக்கொழுப்புல கலந்து, எது காறலைத் தள்ளிப்போடுதுன்னு பார்த்தாங்க. அதுல முதல் இடத்துல வந்தது ரோஸ்மேரியும் அதோட சொந்தக்காரச் செடியான சேஜும். காரணம் கார்னோசிக் ஆசிட், கார்னோசால்னு ரெண்டு பொருள். ரெண்டும் எண்ணெயில கரையும், அதனால வேலை நடக்கிற இடத்துக்கே போய் நிக்கும். 2010-ல ஐரோப்பிய யூனியன் இதை ஈ392ங்கிற நம்பர் குடுத்து உணவுல சேர்க்க அனுமதிச்சுது. இன்னைக்கு சிப்ஸ், இறைச்சி, முகத்துக்குப் போடுற எண்ணெய், க்ரீம்னு எல்லாத்துலயும் இருக்கு. ஆக, விற்பனைப் பையன் சொன்னது முழுப்பொய் இல்லை. சரக்கு நிஜமாவே வேலை செய்யும்.

ஆனா முடி வளரும்னு சொன்னான் பாருங்க, அங்கதான் ஆளு நழுவுறான். ரோஸ்மேரியில ரெண்டு சரக்கு இருக்கு. ஒண்ணு, ஆவியில வடிச்சு எடுக்கிற வாசனை எண்ணெய். கற்பூரம், யூகலிப்டஸ் வாடை அடிக்குமே, அது. இன்னொண்ணு, ஆல்கஹால், அசிட்டோன் மாதிரி கரைப்பானையோ அழுத்தத்துல வச்ச கார்பன் டை ஆக்ஸைடையோ விட்டுப் பிரிச்சு எடுக்கிற ஆன்டிஆக்ஸிடன்ட் சாறு. இதுல வாசனையைக் கூடுமானவரைக்கும் எடுத்துருவாங்க, இல்லைன்னா முறுக்கு தைலம் மாதிரி மணக்கும். 2015-ல ஈரான்ல நூறு பேரை வச்சு ஆறு மாசம் நடந்த ஆராய்ச்சி ஒண்ணு இருக்கு. ரோஸ்மேரி எண்ணெயையும் 2 சதவீத மினாக்ஸிடிலையும் ஒப்பிட்டு, பெரிய வித்தியாசம் இல்லைன்னு சொன்னாங்க. இன்ஸ்டாகிராம்ல ரோஸ்மேரித் தண்ணி அடிக்கிற கூட்டமெல்லாம் இதைத்தான் காட்டுது. அது வாசனை எண்ணெய் ரகத்தைப் பத்தின ஒரே ஒரு சின்ன ஆராய்ச்சி. அதை எடுத்து இந்த பாட்டில் மேல ஒட்டுறது, ஒரு ப்ராஜெக்ட்டோட டெஸ்ட் ரிப்போர்ட்டை இன்னொரு ப்ராஜெக்ட்டுக்கு அட்டாச் பண்ணி அனுப்புற மாதிரி. (நம்மள்ல யாரும் அப்படிப் பண்ணினதே இல்லை, சரியா?)

தலையெண்ணெய்ல இந்தச் சாறோட உண்மையான வேலை, எண்ணெயைக் காறாம வச்சிருக்கிறது. முடிக்கு அதுல நேரடி சம்பந்தம் இல்லை. இன்னொண்ணு, இது பூஞ்சைக்கும் பாக்டீரியாவுக்கும் மருந்தும் இல்லை. தண்ணி கலந்த க்ரீம் பண்றவங்க இதை மட்டும் நம்பினா ஜாடிக்குள்ள காளான் தோட்டம்தான்.

இதையெல்லாம் போன்ல சொல்லிக்கிட்டு இருக்கும்போது, பின்னாடியிருந்து அம்மாச்சி குரல்:

"என்னடா பெருசாச் சொல்ற? நெய் உருக்கும்போது முருங்கைக்கீரையைப் போடுறமே, அது எதுக்காம்?"

சத்தியமா ஒரு நிமிஷம் பேச்சு வரலை. சின்ன வயசுல அந்த நெய்ச்சட்டி பக்கத்துலயே காத்துக்கிடந்து, மொறுமொறுன்னு பொரிஞ்ச கீரையைச் சோத்துல பிசைஞ்சு சாப்பிட்டவன் நான். வாசனைக்குன்னுதான் இத்தனை நாளா நெனைச்சேன். முருங்கை இலையில க்வெர்சிடின், க்ளோரோஜெனிக் ஆசிட் மாதிரி ஃபீனால் சமாச்சாரம் நிறைய. கூடவே கொழுப்புல கரையிற வைட்டமின் ஈ. இலையைக் கொழுப்புல போட்டுச் சுட வைக்கிறதுங்கிறது, கரைப்பானா நெய்யையே வச்சுச் சாறு எடுக்கிறதுதான். கெமிக்கல் இஞ்சினியரிங்ல எக்ஸ்ட்ராக்‌ஷன்னு ஒரு செமஸ்டர் முழுக்க ஓட்டினாங்க. ஒரு வாத்தியாரும் நெய்ச்சட்டியைக் காட்டலை.

நல்லெண்ணெய் கதையும் இதேதான். எள்ளுல செசமோலின்னு ஒண்ணு இருக்கு, சூடு பட்டா அதுலேருந்து செசமால் வரும். ரெண்டும் சேர்ந்து எண்ணெயைக் காக்குது. ஊறுகாய்க்கு நல்லெண்ணெய்தான் ஊத்தணும்னு அம்மாச்சி அடம் பிடிக்கிறதுக்குப் பின்னாடி வேதியியல் இருக்கு.

உடனே தங்கச்சி குரூப்ல "நம் முன்னோர்கள் ஒன்றும் முட்டாள்கள் அல்ல"ன்னு ஒரு ஃபார்வர்டைத் தட்டிவிட்டுட்டா. இங்கதான் எனக்கு மாறுபட்ட கருத்து. இந்தப் பதிவோட மேட்டரே இதுதான்.

முட்டாள்கள் இல்லை, ஒத்துக்குறேன். ஆனா அந்த வரியைச் சொல்லிட்டு நாம தூங்கப் போயிடுறோம். ரோஸ்மேரி ஜெயிச்சது அந்த இலை ஒசத்தியா இருந்ததால மட்டும் இல்லை. அதை அளந்தாங்க, அதனால ஜெயிச்சுது. ஈ392-க்கு ஐரோப்பாக்காரன் வச்சிருக்கிற விதியைப் பாருங்க. ரோஸ்மேரி இலையிலேருந்து எடுத்ததுன்னு சொன்னா மட்டும் பத்தாது. எந்தெந்த உணவுல எவ்வளவுங்கிற வரம்பை, கார்னோசிக் ஆசிட்டும் கார்னோசாலும் சேர்ந்து எத்தனை மில்லிகிராம்னுதான் சொல்லியிருக்கான். வாசனைப் பொருள்களோட ஒப்பிட்டா இந்த ரெண்டும் குறைஞ்சது 15 மடங்காவது இருக்கணும்னு வேற இருக்கு. எந்தக் கரைப்பான்ல எடுக்கலாம்னும் இருக்கு. நம்ம முருங்கைக் கீரைக்கு என்ன அளவு? "ஒரு கைப்பிடி". யார் கை, எந்த வயசு இலை, எவ்வளவு நேரம்? அம்மாச்சிக்குத் தெரியும். சித்திக்கு முக்கால்வாசி தெரியும். தங்கச்சிக்கு ஃபார்வர்டு பண்ணத் தெரியும்.

ஒரு சாம்பிள் சொல்றேன். முருங்கை இலையில பச்சையம் அதிகம். இருட்டுல அது சும்மா கிடக்கும். ஆனா வெளிச்சம் பட்டா, அதே பச்சையம் எண்ணெய் காறுறதை வேகப்படுத்தும். சித்தியோட தலையெண்ணெய் இருக்கே, கரிசலாங்கண்ணி, கறிவேப்பிலை எல்லாம் போட்டு அழகான பச்சை நிறம். அந்தப் பச்சையைக் காட்டணும்னே கண்ணாடி மாதிரி தெரியிற பாட்டில்ல ஊத்தி, கடைவாசல்ல வெயில் படுற ஷெல்ஃபுல அடுக்கி வச்சிருந்தாங்க. இலை செய்யிற நல்லதை வெயில் தின்னுட்டு, மேல வட்டியும் வாங்கிக்குது. "இயற்கை"ங்கிற ஒரு வார்த்தையை வச்சிக்கிட்டு இதைக் கண்டுபிடிக்க முடியாது. அளந்தாத்தான் தெரியும்.

இந்த அளக்குற வேலை நம்ம ஜில்லாவுக்குப் புதுசும் இல்லை. உலகம் முழுக்க முருங்கை விதை விக்கிறவங்க வாயில இருக்கிற பேரு பிகேஎம்-1. பிகேஎம்னா பெரியகுளம். எங்க தேனி மாவட்டத்துப் பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரியில 1989-ல வெளியிட்ட ரகம் அது. விதை போட்டு ஒரே வருஷத்துல காய்க்கிற முருங்கை. ஆப்பிரிக்கா வரைக்கும் போயிருக்கு. அப்படின்னா காயை அளந்து, விதையைத் தேர்ந்தெடுத்து, ஊர் பேரைப் போட்டு உலகத்துக்குக் குடுக்க நம்மாள முடிஞ்சிருக்கு. இலையில மட்டும் ஏன் கைப்பிடியிலேயே நிக்கணும்?

பள்ளத்தாக்கு முழுக்க இதே கதைதான். கம்பம் பன்னீர் திராட்சைக்கு 2023-ல புவிசார் குறியீடு கிடைச்சப்ப எங்க குரூப்ல பட்டாசு ஸ்மைலியாப் போட்டுத் தள்ளினோம். சுருளிப்பட்டி, காமயகவுண்டன்பட்டி பக்கம் போறவங்க பந்தல் பந்தலாப் பார்க்கலாம், வருஷம் முழுக்க ஏதாவது ஒரு தோட்டத்துல அறுப்பு நடக்கும். ஆனா அது விதையுள்ள பழம். விதையில்லாத பழம் கேக்குற ஊர்ல அந்த விதையே அதுக்குக் குறையாப் போச்சு. அதே திராட்சை விதையிலேருந்து எடுக்கிற சாறு வெளிநாட்டு மருந்துக்கடையில கேப்சூல்லயும் முகக் க்ரீம்லயும் விக்குது. பிரான்ஸ்ல மாஸ்கெலியேங்கிற ஆராய்ச்சியாளர் 1940கள்ல இந்த வகைப் பொருளை முதல்ல பிரிச்சு எடுத்தது எதுலேருந்து தெரியுமா? நிலக்கடலையோட சிவப்புத் தோல்லேருந்து. நாம உள்ளங்கையில தேய்ச்சு ஊதி விடுறமே, அந்தத் தோல்! திராட்சை விதை அப்புறம்தான் வந்துச்சு.

குமுளி மலையைத் தாண்டினா கேரளா. அங்க கோலஞ்சேரியில 1972-ல ஆரம்பிச்ச சிந்தைட் கம்பெனி, மிளகு மாதிரி மசாலாச் சரக்குகளோட சாறைப் பிரிச்சு விக்கிறதுல உலக அளவுல பெரிய பேரு. போடியில ஏலக்காய் ஏலம் விடுறோம், கம்பத்துல திராட்சையைக் கூடையில அடுக்குறோம், முருங்கை விலை விழுந்தா பறிக்கிற கூலி கட்டாதுன்னு மரத்துலயே விட்டுடுறோம். முல்லைப் பெரியாறு அணை 1895-லேருந்து தண்ணி குடுக்குது. விளைய வைக்கிறதுல நம்மளை அடிச்சுக்க ஆள் இல்லை. விளைஞ்சதுல என்ன எவ்வளவு இருக்குன்னு ஒரு தாள்ல எழுதிக் குடுக்கிறவனுக்குத்தான் காசு போகுது. எனக்கு வயித்தெரிச்சல் இதுலதான்.

இன்னொரு பக்கம், "ஆன்டிஆக்ஸிடன்ட் நிறைஞ்சது"ன்னு லேபிள்ல போட்டு, சாப்பிட்டா உடம்புக்கு நல்லதுன்னு விக்கிறதும் எனக்கு உடன்பாடு இல்லை. ஜாடியில வேலை செய்யுற பொருள் உடம்புலயும் அப்படியே செய்யும்னு எந்த உத்தரவாதமும் கிடையாது. ஃபின்லாந்துல 29,133 சிகரெட் பிடிக்கிற ஆண்களை வச்சு நடந்த ஆராய்ச்சியோட முடிவு 1994-ல வந்துச்சு. பீட்டா கரோட்டின் மாத்திரை சாப்பிட்டவங்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் அதிகம். குறையும்னு நெனைச்சுக் குடுத்தது! எந்த உணவுல எவ்வளவு ஆன்டிஆக்ஸிடன்ட் சக்தின்னு ஓராக் பட்டியல் போட்டிருந்த அமெரிக்க வேளாண்மைத் துறை, கம்பெனிங்க அதை விளம்பரத்துக்குத் தப்பாப் பயன்படுத்துறாங்கன்னு 2012-ல அந்தப் பட்டியலையே தூக்கிருச்சு. நம்ம ஊர்லயும் 2018-ல வந்த விளம்பர விதிகள் "நேச்சுரல்"ங்கிற வார்த்தையை இஷ்டத்துக்குப் போட விடாது. எதுவும் சேர்க்காத ஒற்றைப் பொருளுக்குத்தான் அந்தப் பேரு. அரிசி மாவு, உளுந்து மாவு, எள்ளு, உப்பு, எண்ணெய் எல்லாம் சேர்ந்த முறுக்குல "100% நேச்சுரல்"னு ஸ்டிக்கர் ஒட்டுறது ஊர் வழக்கம்தான், ஆனா சரி கிடையாது.

சரி, சித்தி கேட்ட கேள்விக்கு வருவோம். வாங்கவா, வேண்டாமா?

அடுத்த சனிக்கிழமை பஸ் பிடிச்சு ஊருக்கே போயிட்டேன். அடுப்படியில சித்தி முறுக்கு பிழிஞ்சுக்கிட்டு இருந்துச்சு. பெரிய இரும்பு வாணலி. அடுப்புக்குப் பின்னாடி ஒரு தூக்குச்சட்டி, மூடி போட்டு. திறந்தேன். போன ஈடு சுட்ட எண்ணெய், நல்ல கருஞ்சிவப்பு, அடியில கசண்டு. மூக்கு பக்கத்துல கொண்டு போனதும் புரிஞ்சு போச்சு.

"சித்தி, இது என்ன பண்ணுவ?"

"என்ன பண்ணுவாங்க? வடிகட்டி, புது எண்ணெயோட சேர்த்து ஊத்துவேன். கடலெண்ணெய் விக்கிற விலையில கீழயா கொட்ட முடியும்?"

இதுதாங்க பக். பழைய எண்ணெயில பெராக்சைடு ஏற்கெனவே குவிஞ்சு கிடக்கு. புது எண்ணெயில அதை ஊத்துறது, மோருக்கு உறை குத்துற மாதிரி. ரகளை பண்ற பத்துப் பேரை அமைதியா இருக்கிற பந்தியில நாமளே உட்கார வச்சுட்டு, ஒரு பெரிய மனுஷனைத் தேடி ரோஸ்மேரிக்குப் போறோம். தினமும் அந்த அடுப்படியிலேயே நிக்கிற மூக்குக்கு அந்த வாடை பழகிப் போச்சு. சித்திக்கு நிஜமாவே தெரியலை.

தெரிஞ்சதை விளக்கினேன். கொஞ்ச நேரம் சித்தி பேசவே இல்லை. அப்புறம் அச்சைக் கீழ வச்சிட்டு, "அப்ப என் மேலதான் தப்புங்கிற"ன்னுச்சு.

ஹாஸ்டல்ல இருந்த நாலு வருஷமும் மாசாமாசம் எனக்கு முறுக்குப் பார்சல் அனுப்பின கை அது. என்ன பதில் சொல்றதுன்னு தெரியாம நின்னேன். அம்மாச்சிதான் காப்பாத்துச்சு: "தப்பு என்னத்த தப்பு, வீட்டுக்குச் சுடும்போது ரெண்டு நாள்ல தின்னு தீத்துருவோம். இப்ப பார்சல்ல பத்து நாள் கிடக்குதுல்ல."

எவ்வளவு கரெக்ட் பாருங்க. பழக்கம் தப்பில்லை. அளவு மாறிருச்சு. வீட்டு முறை ரெண்டு நாளைக்கான முறை. அதைப் பத்து நாளுக்கு நீட்டினா, கணக்கையும் மாத்தணும்.

இப்ப பண்ணியிருக்கிறது இவ்வளவுதான். பெரிய வாணலியை எடுத்து வச்சாச்சு. சின்ன வாணலி, குறைச்ச எண்ணெய், அன்னைக்கு ஊத்தினது அன்னைக்கே முடியிற மாதிரி ஈடு கணக்கு. முறுக்குக்கு உள்ள தெரியிற கவருக்குப் பதிலா வெளிச்சம் புகாத கவர், அதுல சுட்ட தேதி. தலையெண்ணெய்க்குப் பழுப்பு பாட்டில், ஷெல்ஃபு வீட்டுக்குள்ள. மிஞ்சுற எண்ணெயை வாங்கி பயோடீசல் ஆக்குற திட்டம்னு 2018-ல அறிவிச்சாங்க. பொரிக்கிற எண்ணெயில மொத்த போலார் பொருள்கள் 25 சதவீதத்துக்கு மேல போனா அதைப் பயன்படுத்தக் கூடாதுன்னு அதே வருஷம் ஜூலையிலேருந்து விதியும் இருக்கு. நல்ல விதி. ஆனா அதை அளக்குற கருவி சித்தி மாதிரி ஆளுங்க கைக்கு எட்டுற தூரத்துல இல்லை. சித்தி வீட்டு மூணு லிட்டரை எடுக்க எந்த வண்டியும் தெருவுக்கு வந்ததும் இல்லை.

ரோஸ்மேரி? அந்தப் பையன் திரும்ப வந்தப்ப சித்தியே கேட்டிருக்கு: "தம்பி, இதுல கார்னோசிக் ஆசிட் எத்தனை பெர்சென்ட்? தாள் இருந்தா காட்டு." பையன் முழிச்சானாம். தாள் கொண்டு வந்தா வாங்கலாம்னு முடிவு. எனக்கு ரோஸ்மேரி மேல கோபம் எதுவும் இல்லை. புது எண்ணெயில, சரியான அளவுல போட்டா நல்ல சரக்குதான். பழைய எண்ணெய்க்குப் பாவமன்னிப்பா அதை வாங்கக் கூடாது, அவ்வளவுதான்.

எனக்கு ஒரு ஆசை இருக்கு. முருங்கைக்கு உலகப் பேரு வாங்கிக் குடுத்த அதே பெரியகுளத்துலேருந்து ஒரு பக்கத் தாள் வரணும். ஒரு கிலோ வெண்ணெய்க்கு இத்தனை கிராம் இலை, இந்தப் பருவத்து இலை, இவ்வளவு சூடு, இத்தனை நிமிஷம், அப்படிச் செஞ்சா நெய் இத்தனை மாசம் நிக்கும்னு. தமிழ்ல. சித்தி வாசிச்சுப் புரிஞ்சிக்கிற மாதிரி. அம்மாச்சியோட கைப்பிடியை நிறுத்துப் பார்த்த தாள். அது வந்துட்டா முன்னோர்கள் பெருமையை நானே குரூப்ல ஃபார்வர்டு பண்றேன்.

அதுவரைக்கும் நம்மளால முடிஞ்சது: இந்த வாரம் அம்மாச்சி கைப்பிடியைச் சமையல் தராசுல வச்சுப் பார்க்கச் சொல்லி தங்கச்சிகிட்ட சொல்லியிருக்கேன். ஃபார்வர்டு பண்ற கைக்கு ஒரு வேலை :-)

உங்க வீட்டுல நெய் உருக்கும்போது என்ன போடுவாங்க? முருங்கையா, கறிவேப்பிலையா, வெத்தலையா, கல்லுப்பா? எவ்வளவு நாள் கெடாம நிக்கும்? வீட்டுப் பெரியவங்களைக் கேட்டுப் பின்னூட்டத்துல சொல்லுங்க மக்களே. முடிஞ்சா கிராம்ல சொல்லுங்க.

டிஸ்கி: பதிவைப் படிச்சிட்டு முறுக்கு ஆர்டர் கேட்டு யாரும் தனிமடல் போட வேண்டாம். தீபாவளி ஆர்டரே சித்திக்கு மூச்சு முட்டுது. பெங்களூர்க்காரருக்கு மட்டும் புது ஈடு பன்னெண்டு பாக்கெட் இலவசமா அனுப்பியாச்சு. பதினோராவது நாள் ஒரு பாக்கெட்டைத் திறந்து மோந்து பார்த்துட்டு, "ஒண்ணும் வாடை இல்லைம்மா"ன்னு மெசேஜ் போட்டிருக்கார். சித்தி அதை எனக்கு மூணு தடவை ஃபார்வர்டு பண்ணிருச்சு.